சாத்தே: குச்சியும் கிண்ணமும்

கோலாலம்பூரிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் போனால் காஜாங். மலேசியாவில் சாத்தே என்று பேச்செடுத்தால் உடனே நினைவுக்கு வரும் ஊர். 1917இல் தாஸ்மின் சாக்கிபான் என்பவர் இங்கே சாத்தே விற்கத் தொடங்கினார் என்று ஊரில் சொல்வார்கள். இன்று அந்த ஊரின் பெயரும் உணவின் பெயரும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டுவிட்டன.

சின்ன வெங்காயம், செராய் எனப்படும் எலுமிச்சம்புல், லெங்குவாஸ் என்கிற பேரரத்தை, மஞ்சள், மல்லி, சீரகம், சோம்பு, சர்க்கரை. இவற்றை அரைத்த விழுதில் கோழியோ மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ சில மணி நேரம் ஊறுகிறது. ஊறிய துண்டுகளைக் குச்சியில் கோத்து, நீண்டு குறுகிய கரியடுப்பின் மேல் வரிசையாக அடுக்குகிறார்கள். இப்போது மூங்கில் குச்சி, முன்பு தென்னை ஈர்க்கு. கடைக்காரரின் ஒரு கையில் விசிறி. மறு கையில் ஒரு செராய்த் தண்டு. தண்டின் அடியை நசுக்கி நார் நாராக்கிவிட்டால் அதுவே தூரிகை ஆகிவிடும். அதை எண்ணெயிலோ தேங்காய்ப்பாலிலோ தோய்த்து, வேகும் இறைச்சி காய்ந்துவிடாதபடி குச்சிகளின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிக்கொண்டே போகிறார். கொழுப்பு கரியில் சொட்டுகிறது, புகை எழுகிறது, மஞ்சள் நிறம் பழுப்பாகிறது.

தட்டில் குச்சிகளோடு வெள்ளரித்துண்டு, நறுக்கிய வெங்காயம், தென்னங்குருத்தோலைக் கூட்டில் வெந்த கெத்துப்பாட் சோறு. பக்கத்தில் ஒரு கிண்ணம். அதில் குவா காச்சாங் என்கிற கடலைக் குழம்பு. வறுத்து ஒன்றிரண்டாக இடித்த வேர்க்கடலை, காய்ந்த மிளகாய், வெங்காயம், பூண்டு, புளி, வெல்லம், மேலே மிதக்கும் சிவந்த எண்ணெய். வேர்க்கடலை தென்னமெரிக்காவில் பிறந்த பயிர். ஐரோப்பியர் அமெரிக்காவுக்குக் கடல்வழி கண்ட பின்புதான் அது ஆசியக் கரைகளுக்கு வந்தது. அதாவது மலாய் மண்ணின் அடையாளமாகிவிட்ட இந்தக் குழம்புக்கு வயது சில நூற்றாண்டுகள்தான்.

இந்த மேசையைச் சுற்றி ஒரு மலேசியக் கூட்டத்தை உட்காரவைத்துப் பாருங்கள். கடலை ஒவ்வாத ஒரு சிறுமி. மாட்டிறைச்சி தொடாத ஒரு தமிழ்க் குடும்பம். பன்றி இறைச்சி பட்ட பாத்திரத்தில் சாப்பிடாத ஒரு முஸ்லிம் நண்பர். தைப்பூச விரதத்தில் இருக்கும் ஒரு பாட்டி. நீரிழிவுக்காரர் ஒருவரும் இருப்பார். 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில், மலேசியாவில் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. வெல்லம் கலந்த அந்தக் குழம்பு அவருக்கும் ஒரு கணக்குத்தான். எல்லாரும் கேட்பது ஒரே கேள்விபோலத் தோன்றும்: 'இதில் என்ன இருக்கிறது?' உண்மையில் அவை வெவ்வேறு கேள்விகள். சிறுமியின் உடல் கேட்பது 'எவ்வளவு இருக்கிறது' என்று. விரதக்காரரின் மனம் கேட்பது 'எதிலிருந்து வந்தது' என்று. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பதில் சொல்வதில்தான் சமையலறைகளில் ஆபத்து நுழைகிறது. முதல் கேள்வியை முதலில் பார்ப்போம், அதில் உயிர் இருக்கிறது என்பதால். அதற்கு, ஒவ்வாமை எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரத்தில் (இன்று போலந்தின் விரோத்ஸ்வாஃப்) 1921இல் கார்ல் பிராஸ்னிட்ஸ் என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்தார். அவருடைய சக ஆய்வாளர் ஹைன்ஸ் கூஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாது. சமைத்த மீனைத் தின்றால் உடம்பெல்லாம் அரிப்பும் தடிப்பும் கிளம்பும். கூஸ்ட்னரின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் கொஞ்சம் எடுத்துத் தன் வயிற்றுத் தோலுக்குள் செலுத்திக்கொண்டார் பிராஸ்னிட்ஸ். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். சில நிமிடங்களில் அந்த இடம் மட்டும் சிவந்து தடித்தது. பிராஸ்னிட்ஸுக்கு மீனால் ஒரு தொல்லையும் இருந்ததில்லை. ஒவ்வாமை ஒருவரின் இரத்தத்திலிருந்து இன்னொருவரின் தோலுக்கு மாறிவிட்டது. அப்படியானால் இரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது.

அந்தப் பொருளைப் பிடிக்க இன்னும் 45 ஆண்டுகள் ஆயின. 1966-67இல் அமெரிக்காவில் வேலைசெய்த ஜப்பானியத் தம்பதி கிமிஷிகே இஷிசாக்காவும் தெருக்கோ இஷிசாக்காவும், ஸ்வீடனில் ஜொஹான்சனும் பென்னிச்சும், தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தார்கள். ஐஜிஇ என்று பெயர் பெற்ற எதிர்ப்பொருள் அது. இரத்தத்தில் மற்ற எதிர்ப்பொருள்களோடு ஒப்பிட்டால் இதன் அளவு மிக மிகக் குறைவு. ஆனால் இது சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. தோல், மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றின் ஓரங்களில் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. தனக்கு உரிய புரதம் வந்து, பக்கத்துப் பக்கத்து ஐஜிஇக்கள் இரண்டைச் சேர்த்துப் பிடித்ததும் செல் வெடித்ததுபோல் ஹிஸ்டமினையும் வேறு பல வேதிப்பொருள்களையும் கொட்டுகிறது. இரத்தநாளங்கள் விரிந்து கசிகின்றன, மூச்சுக்குழாய் சுருங்குகிறது, தோல் தடிக்கிறது, வயிறு புரட்டுகிறது. உடல் முழுவதும் இது ஒரே நேரத்தில் நடந்து இரத்த அழுத்தம் சரிவதுதான் அனாபிலாக்சிஸ். பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களில் தொடங்கிவிடும். இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவது அரிது.

இங்கே ஒரு நுணுக்கம். ஐஜிஇ இருப்பதும் ஒவ்வாமை இருப்பதும் ஒன்றல்ல. தோலில் ஊசிமுனையால் கீறிப் பார்க்கும் சோதனையில் தடிப்பு வந்தாலும் அந்த உணவை நிம்மதியாகச் சாப்பிடுபவர்கள் ஏராளம். சோதனைச்சீட்டை மட்டும் பார்த்து வீட்டில் பாதி உணவுகளுக்குத் தடை போடும் பெற்றோர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. வளரும் குழந்தைக்குக் கடலை, முட்டை, மீன் எல்லாவற்றையும் காரணமின்றி நிறுத்துவதும் ஒரு தீங்கே. சந்தேகம் தீர வழி மருத்துவமனையில் மருத்துவரின் கண்காணிப்பில் சிறுகச் சிறுக உண்ணக் கொடுத்துப் பார்ப்பது. வீட்டில் செய்யக்கூடாத சோதனை அது.

இனி கிண்ணத்துக்கு வருவோம். வேர்க்கடலையில் ஒவ்வாமை கிளப்பும் புரதங்கள் பத்துக்கும் மேல். அவற்றில் மிக மோசமானது அரா ஹெச் 2 என்ற சிறு புரதம். விதையின் சேமிப்புப் புரதங்களில் ஒன்று. கந்தக இணைப்புகளால் இறுக்கிக் கட்டப்பட்ட உருண்டை என்பதால் வயிற்று அமிலமும் செரிமான நொதிகளும் இதை எளிதில் உடைக்க முடிவதில்லை. வெப்பத்துக்கும் பெரிதாக அசையாது. பெரும்பாலான புரதங்கள் சூட்டில் உருக்குலைந்து அடையாளம் இழந்துவிடும். அதனால்தான் பச்சைப்பாலோ பச்சைமுட்டையோ ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் பலர் அவை கலந்து நன்றாகச் சுட்ட கேக்கைச் சாப்பிட முடிகிறது. கடலையில் அந்த நிவாரணம் இல்லை. சூடு சில சமயம் நிலைமையை மோசமாக்கிவிடுகிறது.

அடுப்பில் இறைச்சியைப் பழுப்பாக்கி மணக்கவைக்கும் அதே வேதிவினைதான் இங்கும் வேலை செய்கிறது. சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து புதிய சேர்மங்கள் உண்டாகும் மைலார்டு வினை. கடலையை ஈரமில்லாமல் வறுக்கும்போது அதிலுள்ள சர்க்கரை அதன் புரதங்களோடு பிணைந்து, அவற்றைச் செரிமானத்துக்கு இன்னும் எளிதில் மசியாதவை ஆக்குகிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண்துறையின் சொஹெய்லா மலேக்கியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், பச்சைக் கடலைச் சாற்றைவிட வறுத்த கடலைச் சாறு ஐஜிஇயைச் சுமார் 90 மடங்கு வலுவாகப் பிடித்தது. அடுத்த ஆண்டு இன்னொரு குழு சீனச் சமையலோடு ஒப்பிட்டது. நீரில் அவித்த கடலையிலும் சுமார் 120 டிகிரியில் எண்ணெயில் பொரித்த கடலையிலும் ஒவ்வாமைப் புரதங்களின் வீரியம் குறைவு. 170 டிகிரியில் வறுத்ததில்தான் அதிகம். அவிக்கும்போது புரதத்தில் ஒரு பகுதி தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடுவதும் ஒரு காரணம். இதைப் படித்துவிட்டு, ஒவ்வாமை உள்ளவருக்கு அவித்த கடலை கொடுக்கலாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல.

சாத்தேக் குழம்பில் போவது வறுத்த கடலை. அதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது: எண்ணெய். கடலை ஒவ்வாதவருக்கு முதல் எச்சரிக்கை பெரும்பாலும் வாயிலேயே வரும். உதடு அரிக்கும், நாக்கு குறுகுறுக்கும், உடனே துப்பிவிடுவார். 2003இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வு, கொழுப்பு மிகுந்த உணவில் கடலையைக் கலந்து கொடுத்தால் அந்த வாய் எச்சரிக்கை தாமதமாவதைக் காட்டியது. கொழுப்பு புரதத்தைப் பொதிந்து வைத்துக்கொள்கிறது. எச்சரிக்கை வராததால் அதிகம் சாப்பிட்டுவிடுகிறார்கள், பிறகு வயிற்றில் புரதம் விடுபடும்போது விளைவு கடுமையாகிறது. குவா காச்சாங்கில் எண்ணெயும் உண்டு, மிளகாய்க் காரமும் உண்டு. நாக்கு எரிவது காரத்தாலா ஒவ்வாமையாலா என்று ஒரு குழந்தை எப்படிப் பிரித்துச் சொல்லும்?

எவ்வளவு இருந்தால் ஆபத்து? அயர்லாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளில் கடலை ஒவ்வாத 378 குழந்தைகளுக்கு ஒரே ஒரு வேளை 1.5 மில்லிகிராம் கடலைப் புரதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. எட்டுப் பேருக்கு மட்டும் இலேசான விளைவு. யாருக்கும் உயிர்காக்கும் அட்ரினலின் ஊசி தேவைப்படவில்லை. அதாவது கடலை ஒவ்வாதவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் அந்த அளவைத் தாங்குகிறார்கள். ஆறுதலான செய்திதான். ஆனால் 1.5 மில்லிகிராம் என்பது எவ்வளவு? கடலையின் எடையில் கால் பங்கு புரதம். குழம்பில் ஐந்தில் ஒரு பங்கு கடலை என்று வைத்துக்கொண்டால், 30 மில்லிகிராம் குழம்பில் அந்த அளவு புரதம் வந்துவிடும். ஒரு சொட்டுக்கும் குறைவு. கரண்டி விளிம்பில் ஒட்டியிருப்பது அதைவிட அதிகம்.

எனவே 'எனக்குக் குழம்பு வேண்டாம், இறைச்சி மட்டும் போதும்' என்று கேட்டு வாங்குவது போதாது. சில செய்முறைகளில் ஊறவைக்கும் விழுதிலேயே கடலைப்பொடி சேர்ப்பதுண்டு. சேர்க்காத கடையிலும் குழம்பு அள்ளிய கைதான் வெள்ளரியை எடுத்து வைக்கிறது. மேசையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே கிண்ணம். தோய்த்த குச்சியைத் தட்டின் ஓரத்தில் வைப்பார்கள். செராய்த் தூரிகை ஒன்றே. சோறு, வெங்காயம், இறைச்சி எல்லாம் ஆபத்தில்லாதவையாக இருந்தும், கடலை அங்கிருந்து இங்கு நகர்ந்துவிடுகிறது.

கைகழுவுவதைப் பற்றி நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. 2004இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் கையில் கடலை வெண்ணெய் பூசிக்கொண்டவர்களை விதவிதமாகக் கழுவச் சொன்னார்கள். சோப்பும் தண்ணீரும், ஈரத் துடைப்புத் தாளும் கடலைப் புரதத்தை எடுத்துவிட்டன. வெறும் தண்ணீரில் கழுவிய சில கைகளில் மிச்சம் இருந்தது. கிருமிநாசினி ஜெல் பூசிய கைகளில் பாதியில் அப்படியே இருந்தது. ஜெல் கிருமியைக் கொல்லலாம். கடலைப் புரதம் உயிருள்ளதல்ல, கொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை. வழித்து நீக்கத்தான் வேண்டும். வாளித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்த கரண்டியைப் பற்றியும் இதே முடிவுக்கு வரலாம்.

அப்படியானால் அந்தப் புகை? கடலைக் குழம்பு கொதிக்கும் கடைப்பக்கமே குழந்தையைக் கூட்டிப் போகக் கூடாதா? பல பெற்றோருக்கு இந்தப் பயம் உண்டு. வறுத்த கடலையின் மணம் பைரசின் போன்ற எளிதில் ஆவியாகும் சிறு மூலக்கூறுகளால் வருவது. அவற்றில் புரதம் இல்லை. 2003இல் நியூயார்க்கில் கடுமையான கடலை ஒவ்வாமை உள்ள 30 குழந்தைகளைக் கடலை வெண்ணெயை முகத்தருகே வைத்துப் பத்து நிமிடம் மூச்சிழுக்கச் சொன்னார்கள். ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை. மணம் பயமுறுத்தலாம்; ஆபத்து வாய் வழியாகத்தான். கடலையை வறுத்து இடிக்கும்போது பறக்கும் தூள் வேறு, அது புரதமேதான். மீனும் இறாலும் இதில் கடலையைப் போல் அல்ல. அவை வேகும்போது எழும் ஆவியில் புரதம் ஏறி வரும். மீன் ஒவ்வாத சிலர் அடுப்படியில் நின்றாலே இரைக்கத் தொடங்குவார்கள். சாத்தே கடைக்குப் பக்கத்திலேயே வாழையிலையில் மீன் சுடும் ஈக்கான் பாக்கார் கடை இருப்பது வழக்கம். அங்கே கவனிக்க வேண்டியவர் மீன் ஒவ்வாதவர்.

இறால் என்றதும் பெலாச்சானைச் சொல்லாமல் முடியாது. கெராகாவ் எனப்படும் சின்னஞ்சிறு கூனி இறாலை உப்பிட்டு, இடித்து, வெயிலில் காயவைத்து, புளிக்கவிட்டுச் செய்யும் கட்டி. மலாய்ச் சமையலில் அது இல்லாத சம்பல் அரிது. சாத்தேக் குழம்பில் எல்லாரும் போடுவதில்லை. போடுபவர்களும் உண்டு, காய்ந்த இறாலை இடித்துச் சேர்ப்பவர்களும் உண்டு. குழம்பைப் பார்த்தால் தெரியாது. சாப்பிட்டாலும் மற்ற மசாலாவுக்குள் ஒளிந்துகொள்ளும். இறாலின் முக்கிய ஒவ்வாமைப் புரதம் ட்ரோப்போமயோசின். தசைநார்களில் இருப்பது, கொதிநீருக்கு அசராதது. புளிக்கவைப்பதால் அது போய்விடும் என்று நம்ப இடமில்லை.

இந்தப் புரதத்தின் கதை வெப்பமண்டலத்துக்கே உரியது. வீட்டுத் தூசியில் வாழும் உண்ணிகளிலும் கரப்பான்பூச்சியிலும் கிட்டத்தட்ட இதே வடிவ ட்ரோப்போமயோசின் இருக்கிறது. இறாலும் உண்ணியும் கரப்பான்பூச்சியும் கணுக்காலிகள், ஒரே பெருங்குடும்பம். ஆண்டு முழுவதும் ஈரமும் வெப்பமும் உள்ள மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மெத்தையிலும் தலையணையிலும் தூசி உண்ணி பெருகிக் கிடக்கிறது. அதை மூச்சில் இழுத்து இழுத்து உடல் உருவாக்கிய ஐஜிஇ, பின்னொரு நாள் இறாலையும் அடையாளம் கண்டுகொள்ளலாம். மேலை நாடுகளின் ஒவ்வாமைப் பேச்சில் கடலைக்கு முதலிடம். இந்தப் பகுதியிலோ ஓடுள்ள கடலுணவுக்குத்தான் முதலிடம். சிங்கப்பூரிலும் பிலிப்பைன்ஸிலும் 14 முதல் 16 வயதுவரை உள்ள மாணவர்களிடம் கேட்டறிந்து 2010இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ 5 சதவீதம் பேருக்குக் கடலுணவு ஒவ்வாமை. கடலை ஒவ்வாமை ஒரு சதவீதத்துக்கும் கீழே. தூசி உண்ணியால் வந்த ஐஜிஇ, இறால் சோதனையில் தடிப்பாகத் தெரிந்து, இறாலை நிம்மதியாகத் தின்பவரையும் பயமுறுத்திவிடும் என்பதால் சோதனைச்சீட்டை நம்பிவிடாதீர்கள் என்று மேலே சொன்னது இங்கே இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

மற்றவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். குழம்பைக் கெட்டியாக்கச் சிலர் புவா கெராஸ் என்ற கொட்டையை அரைத்துச் சேர்ப்பார்கள். மரக்கொட்டை ஒவ்வாதவர் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தோனேசியப் பாணியில் செய்பவர்கள் இனிப்புச் சோயா குழம்பான கெச்சாப் மானிஸ் ஊற்றுவார்கள். அதில் சோயா உண்டு, சில வகைகளில் கோதுமையும் உண்டு. கோதுமையின் பசைப்புரதம் (குளூட்டன்) ஆகாத சீலியாக் நோயாளிக்கு அரிசியால் ஆன கெத்துப்பாட்டும் கரியில் சுட்ட இறைச்சியும் பொதுவாக நல்ல உணவு, அந்தச் சோயா ஒன்றை மட்டும் விசாரித்துவிட்டால். வெந்தயமும் கடலையும் ஒரே பயறுக் குடும்பம் என்பதால் கடலை ஒவ்வாதவர் சிலருக்கு வெந்தயமும் ஒவ்வாது.

இனி இரண்டாவது கேள்வி, எதிலிருந்து வந்தது என்பது. மலாய்க்காரர் செய்யும் சாத்தேயில் பன்றி இறைச்சி கிடையாது. விலங்கு முறைப்படி அறுக்கப்பட்டிருக்கும். சீனர்களில் ஹைனான் தீவு வழிவந்தவர்கள் பன்றி இறைச்சிச் சாத்தே செய்கிறார்கள், கடலைக் குழம்பின் மேல் அரைத்த அன்னாசி போட்டு. இரண்டும் ஒரே தெருவில் இருக்கலாம். ஒரே அடுப்பில் இருக்க முடியாது. தமிழர்களில் பெரும்பாலோர் மாட்டிறைச்சி தவிர்ப்பார்கள். அவர்களுக்கு மலாய்க் கடையில் கோழிச் சாத்தே சரிதான், ஆனால் மேலே சொன்ன செராய்த் தூரிகை மாட்டிறைச்சி வரிசையில் தடவிவிட்டுக் கோழி வரிசைக்கு வருகிறது. சிலர் அதைப் பொருட்படுத்துவதில்லை, சிலர் கடையையே மாற்றிக்கொள்வார்கள். இருவரையும் நான் மதிக்கிறேன். தைப்பூச விரதப் பாட்டிக்குக் காளான் சாத்தே கொண்டுவந்து கொடுத்தாலும் குழம்பில் பெலாச்சான் இருந்தால் விரதம் போயிற்று.

இந்தத் தடைகள் எல்லாம் அளவைப் பற்றியவை அல்ல. ஒப்பிட்டுப் பார்க்கக் கடலை எண்ணெயை எடுத்துக்கொள்வோம். 1997இல் இங்கிலாந்தில் கடலை ஒவ்வாத 60 பேருக்கு இரு வகைக் கடலை எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். ஆலையில் நன்றாகச் சுத்திகரித்த எண்ணெய்க்கு ஒருவருக்கும் விளைவில்லை. புரதம் அதில் ஏறக்குறைய முழுக்க நீக்கப்பட்டுவிடுகிறது. சுத்திகரிக்காத எண்ணெய்க்கு ஆறு பேருக்கு விளைவு வந்தது. நம் ஊர்ச் செக்கு எண்ணெய் இரண்டாவது வகை, மறக்கக் கூடாது. கடலையிலிருந்து வந்ததுதான் என்றாலும் புரதம் போய்விட்டால் உடலுக்குக் கவலையில்லை. மாட்டுக்கொழுப்பை எத்தனை முறை சுத்திகரித்தாலும் மாட்டிறைச்சி தவிர்ப்பவருக்கு அது மாட்டுக்கொழுப்பே. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் சமையல்காரர், 'கொஞ்சந்தானே' என்று விரதக்காரரின் மனத்தைப் புண்படுத்துவார்; அல்லது 'எங்களுடையது ஹலால், பயப்படாமல் சாப்பிடுங்கள்' என்று கடலை ஒவ்வாத குழந்தைக்குத் தட்டை நீட்டுவார். ஹலால் சான்று மலேசியாவில் 1974 முதலும் சிங்கப்பூரில் 1978 முதலும் நடைமுறையில் உள்ளது. நேர்மையான, கட்டுக்கோப்பான முறை. ஆனால் கடலையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. சொல்ல வந்ததும் அல்ல.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை தருவது இந்த மரபுதான். தனி அடுப்பு, தனிக் கத்தி, தனிப் பாத்திரம் என்பது இந்த ஊர்ச் சமையல்காரர்களுக்குப் புதிதல்ல. பல மதத்தார் பக்கத்துப் பக்கத்தில் சமைத்துப் பழகிய நாடுகள் இவை. பிரித்து வைப்பதன் அருமை தெரிந்த கைகளுக்கு, கடலைக்கென ஒரு தனிக் கரண்டியும் சோப்புப் போட்டுக் கழுவும் பழக்கமும் சொல்லிக்கொடுப்பது கடினமில்லை.

சட்டம் பாதி தூரம் வந்திருக்கிறது. மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளும் சிங்கப்பூரின் உணவு விதிமுறைகளும், பொட்டலமிட்ட உணவில் கடலை, சோயா, மீன், முட்டை, பால், பசைப்புரதமுள்ள தானியங்கள் ஆகியவை இருந்தால் அட்டையில் எழுதச் சொல்கின்றன. ஆகவே கடையில் வாங்கும் சாத்தேக் குழம்புப் பொடியில் இவை அச்சாகியிருக்கும். கரியடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு வரும் சாத்தேயில் அட்டை ஏது? அங்கே வாய்தான் கேட்க வேண்டும். அதையும் தெளிவாக, ஒவ்வொரு பொருளாகக் கேட்க வேண்டும். 'அலர்ஜி உண்டு' என்று பொதுவாகச் சொன்னால் கடைக்காரர் தலையாட்டிவிடுவார். 'பாங், குவா நீ அடா பெலாச்சான் தாக்?' என்று, இந்தக் குழம்பில் பெலாச்சான் உண்டா என்று, மலாயில் கேட்டால் பதில் திட்டமாக வரும். அடுத்து, ஊறவைத்த விழுதில் கடலை உண்டா. அடுத்து, தூரிகை, இடுக்கி, கரண்டி பொதுவா. மூன்றாவதற்குப் 'பொதுதான்' என்ற பதில் வந்தால், கடுமையான கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை அன்று சாத்தே சாப்பிட வேண்டாம் என்பதே என் முடிவு. வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒவ்வாமை வராமலே தடுக்க முடியுமா? 2008இல் லண்டனின் கிடியோன் லாக்கும் சகாக்களும், பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். கடலை ஒவ்வாமை பிரிட்டனில் 1.85 சதவீதம், இஸ்ரேலில் 0.17 சதவீதம். வம்சம் ஒன்றே. வித்தியாசம், இஸ்ரேலியக் குழந்தைகள் பல் முளைக்கும் பருவத்திலேயே கடலை கலந்த பொரித் தின்பண்டத்தைச் சப்பத் தொடங்கிவிடுவார்கள். பிரிட்டனில் அன்று மருத்துவர்களே கடலையைத் தள்ளிப்போடச் சொல்லியிருந்தார்கள். இதைச் சோதிக்க, கடுமையான கரப்பான் என்னும் தோல்நோயோ (எக்சிமா) முட்டை ஒவ்வாமையோ இருந்த 4 முதல் 11 மாதக் குழந்தைகள் 640 பேரை இரு குழுக்களாகப் பிரித்து ஐந்து வயதுவரை தொடர்ந்தார்கள். 2015இல் முடிவு வந்தது. தொடக்கச் சோதனையில் தடிப்புக் காட்டாதவர்களில், கடலையைத் தவிர்த்தவர்களில் 13.7 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை; தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 1.9 சதவீதம். தவிர்ப்பதுதான் பாதுகாப்பு என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தது தலைகீழானது. இன்றைய பரிந்துரை, கைக்குழந்தைக்குத் திட உணவு தொடங்கும் பருவத்திலேயே கடலையை மையாக அரைத்துக் கொடுப்பது. முழுக் கடலை மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும் என்பதால் கூடவே கூடாது. கடுமையான கரப்பான் உள்ள குழந்தையென்றால் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஏற்கெனவே ஒவ்வாமை வந்தவர்களுக்கும் வழிகள் திறந்திருக்கின்றன. அளவெடுத்த கடலைப்பொடியை நாள்தோறும் கொடுத்து உடலைப் பழக்கும் மருந்துக்கு 2020 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி அளித்தது. ஐஜிஇயைப் பிடித்து முடக்கும் ஓமலிசுமாப் ஊசியை 2024 பிப்ரவரியில் உணவு ஒவ்வாமைக்கும் அனுமதித்தார்கள். இரண்டும் தவறிப்போய் உள்ளே போகும் சிறு அளவிலிருந்து காக்கத்தான். கிண்ணம் நிறையக் குழம்பு சாப்பிட அல்ல.

எல்லாக் கவனத்தையும் மீறிச் சாத்தே மேசையில் ஒரு குழந்தைக்கு உதடு வீங்கி, குரல் கம்மி, இருமல் நிற்காமல் வந்தால், அல்லது தலைசுற்றித் துவண்டால், அது அனாபிலாக்சிஸ். கையில் அட்ரினலின் ஊசிப்பேனா இருந்தால் உடனே, தொடையின் வெளிப்பக்கத்தில், உடைக்கு மேலேயே அழுத்திச் செலுத்த வேண்டும். சிறுவர்களுக்கு 0.15 மில்லிகிராம், பெரியவர்களுக்கு 0.3. அரிப்பு மாத்திரை கொடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருப்பதில்தான் பல உயிர்கள் போகின்றன. அந்த மாத்திரை தடிப்பைத் தணிக்கும், அடைபடும் மூச்சுக்குழாயைத் திறக்காது, சரியும் இரத்த அழுத்தத்தைத் தூக்காது. குழந்தையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு முட்டினால் மட்டும் உட்காரவிடுங்கள். எழுந்து நடக்கவிடாதீர்கள். ஆம்புலன்ஸை அழையுங்கள், ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய்ச் சில மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும், சிலருக்கு எல்லாம் அடங்கிய பிறகு இரண்டாவது அலை மறுபடி கிளம்பும்.